எதை நீட்டுகிறோம்?

ஆங்கிலத்தில் ஒன்றை நீளமாக்குவதற்குப் பல வினைச்சொற்கள் உண்டு. எது பொருந்தும் என்பதை நீட்டப்படும் பொருளே தீர்மானிக்கிறது. பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கினால் அது 'லெங்தன்'. விசாவின் கெடுவைக் கூட்டினால் 'எக்ஸ்டெண்ட்'. உயிரையோ வேதனையையோ நீடிக்கச் செய்வது 'ப்ரோலாங்'. பெரும்பாலும் காலத்தோடுதான் அதற்கு உறவு, பாவாடையோடு அல்ல. இழுபட்டு ஒல்லியாக நீண்ட வடிவத்தைச் சொல்ல 'எலாங்கேட்' இருக்கிறது. 'எக்ஸ்டெண்ட்' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதாதா என்று கேட்கலாம். சாலைக்கும் விடுமுறைக்கும் அது ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் பேச்சுவார்த்தை 'எக்ஸ்டெண்டட்' என்றால் கூடுதல் நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டுமே தோன்றும். 'ப்ரொட்ராக்டட்' என்றாலோ, முடிய வேண்டிய நேரத்தில் முடியாமல் இழுத்தடித்த சலிப்பும் சேர்ந்தே வருகிறது. அந்தச் சலிப்பை 'எக்ஸ்டெண்ட்' தானாகத் தராது.