இலந்தைத் தோட்டம்: நல்ல கன்று மட்டும் போதாது, வடிகாலும் கவாத்தும் வேண்டும்

ஹவுரா: மேற்கு வங்கத்தில் சரஸ்வதி பூஜைக்கு முன்பு மாணவர்கள் இலந்தைப் பழத்தை உண்பதில்லை. தேவிக்குப் படைத்த பின்னரே அதைச் சுவைக்க வேண்டும் என்பது வீடுதோறும் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். வங்காளிகள் 'குல்' என்று அழைக்கும் இப்பழத்தின் தேவை, பூஜையை ஒட்டிய நாட்களில் உச்சத்தைத் தொடுகிறது. சிறு நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் ஒட்டு இலந்தைத் தோட்டத்தின் பக்கம் திரும்புவதற்கு இந்தச் சந்தையும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இலந்தை என்றால், புளிப்பும் இனிப்பும் கலந்த சிறிய பழமும் அதைக் கொண்டு செய்யும் இலந்தை வடையும்தான் நினைவுக்கு வரும். சந்தையில் 'சீமை இலந்தை', 'ஆப்பிள் இலந்தை' என்று விற்கப்படும் பெரிய பழங்களும் அதே இனத்தைச் சேர்ந்தவையே. வங்கத்தில் நீள்வடிவ 'நார்கேலி குல்', ஊறுகாய்க்கு உகந்த புளிப்பான 'டோபா குல்', 'ஆப்பிள் குல்', வங்கதேச வேளாண் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய 'பாவ் குல்' ஆகியவை அறிமுகமானவை.

விதையிலிருந்து முளைக்கும் மரம் தாய் மரத்தைப் போலவே காய்ப்பதில்லை. ஆகவே, காட்டு இலந்தையை வேர்ச்செடியாக வளர்த்து, அதில் உயர் விளைச்சல் ரகத்தின் மொட்டை ஒட்டுகின்றனர். இத்தகைய ஒட்டுக்கன்றை நட்ட பின், முதல் இரண்டு ஆண்டுகளில் தனிக் கவனம் தேவை. ஒட்டுப் பகுதிக்குக் கீழே தோன்றும் துளிர்களை உடனுக்குடன் கிள்ளி எறிய வேண்டும். தவறினால் காட்டுச் செடி மேலோங்கி, ஒட்டிய ரகம் நலிந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய கன்று, முள் நிறைந்த புதராக மாறியது சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

ஹவுரா மாவட்டத்தில் இதைவிடப் பெரிய சோதனை தண்ணீர். கிழக்கே ஹூக்ளி, மேற்கே ரூப்நாராயண், நடுவே தாமோதர் என ஆறுகளுக்கு இடையே அமைந்த வண்டல் நிலம் இது. மழைக்காலத்தில் தாமோதரின் மேற்பகுதி அணைகளிலிருந்து நீர் திறந்துவிடப்படும்போது உதயநாராயண்பூர், ஆம்தா பகுதிகள் வெள்ளத்தில் மூழ்குவது உண்டு. இலந்தை வறட்சியையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும் மரம்; ஆனால் இளங்கன்றின் வேரைச் சுற்றி நீர் தேங்கினால் அது பிழைப்பது கடினம். எனவே தாழ்வான நிலத்தில் கன்றுகளை மேட்டுப்பாத்தியில் நட்டு, வரிசைகளுக்கு இடையே வடிகால் வெட்டுவது அவசியம்.

எட்டு மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் சுமார் 156 மரங்கள் வளர்க்கலாம். வங்கத்தின் ஒரு பிகா, அதாவது ஏறத்தாழ 33 சென்ட் நிலத்தில், இதே கணக்கில் 20 மரங்களே அடங்கும். ஐந்து மீட்டராகக் குறைத்தால் 50 மரங்களுக்கு மேல் நடலாம். ஆனால், நெருக்கி நட்ட தோட்டத்தில் ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிக் கட்டுக்குள் வைக்காவிட்டால், சில ஆண்டுகளிலேயே அவை பின்னிக்கொண்டு ஒளியை மறைத்துவிடும்.

கவாத்து அவசியமாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இலந்தை, அந்தந்த ஆண்டில் துளிர்க்கும் புதுக் கிளையின் இலைக்கக்கத்தில்தான் பூக்கிறது. பழைய கிளைகளை அப்படியே விட்டால் புதுத் துளிர் குறையும்; பழமும் சிறுத்துவிடும். அறுவடை முடிந்ததும் கிளைகளை நன்றாக வெட்டி, தொழு உரமிட்டு நீர் பாய்ச்சினால், மழைக்காலத்தில் வலுவான கிளைகள் கிளம்பும். தமிழ்நாட்டில் இப்பணி பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள்ளும், கடும் கோடை நிலவும் வட மாநிலங்களில் மே, ஜூன் மாதங்களிலும் நடைபெறுகிறது. மொட்டையாக நிற்கும் மரத்தைக் கண்டு புதிய விவசாயி அஞ்சுவது இயல்பு. எனினும், வெட்டத் தயங்கும் தோட்டத்தில் விளைச்சல் ஆண்டுக்காண்டு சரியும்.

காய் பட்டாணி அளவை எட்டும்போது பழ ஈ முட்டையிடத் தொடங்குகிறது. புழு பழத்தைக் குடைந்து, பின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. ஆகையால் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிப்பதும், மரத்தடி மண்ணைக் கிளறி விடுவதும் மருந்துக்கு இணையான பலன் தரும். குளிர் காலத்தில் பிஞ்சுகளின் மேல் வெண்பொடி போலப் படரும் சாம்பல் நோய்க்கு, லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம். பூக்கும் பருவத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பது மகரந்தம் சுமக்கும் தேனீக்களையும் ஈக்களையும் விரட்டிவிடும். தன் மகரந்தத்தால் மட்டும் சரிவரக் காய்க்காத ரகங்களும் இருப்பதால், ஒரே தோட்டத்தில் இரண்டு ரகங்களைக் கலந்து நடுவது நல்லது.

ரகக் கலப்பு சந்தைக்கும் உதவும். சரஸ்வதி பூஜை 2024-இல் பிப்ரவரி 14 அன்று வந்தது. 2026-இல் ஜனவரி 23 அன்றே வந்துவிட்டது. திதி மூன்று வாரம் முன்னே நகர்ந்தாலும், மரத்தில் பழம் அதற்கேற்ப முதிர்வதில்லை. ஒரே ரகத்தை மட்டும் நம்பியவரின் பழம், பூஜை முடிந்து விலை இறங்கிய பின் கொல்கத்தாவின் மெச்சுவா பழச்சந்தையை அடையக்கூடும். பறித்த பழம் சாதாரண வெப்பநிலையில் சில நாட்களே தாங்கும் என்பதால், காத்திருந்து விற்கவும் இயலாது. இந்திய ரகங்களில் 'கோலா' முன்பருவத்திலும், 'கைத்தலி' இடைப்பருவத்திலும், 'உம்ரான்' பின்பருவத்திலும் பழுப்பவை. முதிரும் காலம் வேறுபடும் ரகங்களைப் பகிர்ந்து நட்டால், பூஜை எந்த வாரத்தில் வந்தாலும் ஒரு பகுதி விளைச்சலாவது நல்ல விலை பெறும். எஞ்சியதை ஊறுகாய்க்கும் உலர்பழத்திற்கும் திருப்பலாம்.

நன்கு பராமரிக்கப்பட்ட, முழு வளர்ச்சி அடைந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ வரை பழம் தரும். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் இந்த அளவை எதிர்பார்க்க இயலாது. அதுவரை வரிசைகளின் இடையே காய்கறியும் பயறும் பயிரிட்டு வருவாய் ஈட்டலாம். கன்று வாங்கும் முன் நிலத்தில் நீர் வடிய வழி உள்ளதா என்பதை உறுதி செய்துகொள்வதே, இலந்தைத் தோட்டம் அமைக்க விரும்புவோர் எடுத்துவைக்க வேண்டிய முதல் அடி.