கறையா, சாயமா, களங்கமா?



‘ஸ்டெயின்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று வகுப்பில் கேட்டால், ‘கறை’ என்று உடனே விடை வரும். விடை சரிதான், ஆனால் அது பாதி விடை. எங்கே கண்டாலும் ‘கறை’ என்றே எழுதுகிற மாணவர், ‘மருத்துவமனையில் இரத்தத்தைக் கறைப்படுத்தினார்கள்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார். நோயைக் கண்டறியும் வேலை, ஏதோ குற்றம்போல ஆகிவிடுகிறது. ஆகவே இச்சொல்லின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்பொருள் கறை. பாலிங் வட்டாரத் தோட்டங்களில் இதை விளக்கவே தேவையில்லை. பால் வெட்டுகிறவரின் சட்டையே சான்று. ரப்பர்ப் பால் வடியும்போது வெள்ளைதான். துணியில் சிந்திக் காய்ந்தபின் பழுப்பாகிக் கறுத்துவிடுகிறது. பாலிலுள்ள சில பொருள்கள் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்வதே காரணம். வாழைக்கறையும் இப்படித்தான். அழுக்கு வேறு, கறை வேறு. அழுக்கு மேலே ஒட்டியிருக்கும். சவர்க்காரம் போட்டுக் கசக்கினால் போய்விடும். கறையோ இழைக்குள் இறங்கிவிடும். ஆங்கிலத்திலும் ‘டர்ட்’ வேறு, ‘ஸ்டெயின்’ வேறு.

இரண்டாம் பொருள் சாயம். இது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் சொல்லின் பிறப்பிலேயே சாயம் இருக்கிறது. சாயம் தோய்ப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினை ஒன்று பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. காயத்திற்குப் போடும் ‘டிங்சர்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்த உறவுதான்.

இவ்விரு பொருளையும் ஒரே பலகையில் காணலாம். வயதான பால்மரத்தை வெட்டி அறுத்து, நாற்காலி மேசை செய்கிறார்கள். அறுத்த பலகைக்கு உடனே மருந்திட்டு உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். இது ‘புளூ ஸ்டெயின்’. யாரும் விரும்பாத கறை. நல்ல பலகைக்கோ, தேக்குபோலத் தோன்றச் சாயம் ஏற்றுகிறார்கள். இது ‘வூட் ஸ்டெயின்’. விலை கொடுத்து வாங்குவது. பெயிண்ட் மரத்தை மூடிவிடும்; இந்தச் சாயம் உள்ளே ஊறுவதால் மரத்தின் வரிகள் மறையாமல் தெரியும்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியா கொண்டுபோன உயிர்கள் ஏராளம். அந்நோய்க் கிருமி இரத்த அணுவுக்குள் ஒளிந்திருக்கும். நுண்பெருக்கியில் பார்த்தாலும் எளிதில் புலப்படாது. ஜெர்மானிய வேதியியலாளர் குஸ்டாவ் கீம்சா 1904இல் ஒரு சாயமுறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்துளியில் அச்சாயத்தை ஊற்றினால், கிருமியின் உட்கரு சிவப்பாகவும் சுற்றுப்பகுதி நீலமாகவும் தெரியும். இன்றும் அம்முறை பயன்படுகிறது. நோய் உறுதியானால்தான் தக்க மருந்து கொடுக்க முடியும். இங்கே ‘ஸ்டெயின்’ என்பது உயிர் காக்கும் சாயம். ‘இரத்தத்திற்குச் சாயமேற்றிச் சோதித்தார்கள்’ என்பதே சரியான தமிழ்.

மூன்றாம் பொருள் களங்கம். ஒருவருடைய பெயருக்கு நேரும் இழுக்கையும் ஆங்கிலேயர் ‘ஸ்டெயின்’ என்பர். மலாய் மொழியின் ‘நோடா’வும் துணிக்கறை, மானக்கேடு இரண்டையும் குறிக்கும். தமிழில் களங்கம், மாசு, மறு என்று இடத்திற்கேற்ற சொற்கள் உண்டு. துணியிலிருப்பதைக் களங்கம் என்று நாம் சொல்வதில்லை.

‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்பது நம் வீட்டு எவர்சில்வர். அதில் கலந்துள்ள குரோமியம் மெல்லிய படலமாகி எஃகைக் காக்கிறது. ஆனாலும் உப்புநீரை நெடுநேரம் தேக்கி வைத்தால் அதிலும் புள்ளி விழும்.

மாணவர்களே, இச்சொல்லைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். தானாகப் பட்டதா? கறை. வேண்டுமென்றே ஏற்றியதா? சாயம். ஒருவரின் பெயரைப் பற்றியதா? களங்கம். அகராதி பல பொருள் தரும். அவற்றுள் எது என்பதை வாக்கியம்தான் சொல்லும்.