ஆறாத டயப்பர் புண்: களிம்பை மாற்றுமுன் ஈர நேரத்தைக் கணக்கிடுங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும் அதனைச் சுற்றியுள்ள கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் முதலிய ஊர்களையும் வாழ்விடமாகக் கொண்ட இளங்குடும்பங்கள் பல. தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி இது. இங்கிருந்து குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர், காய்ச்சலையும் சளியையும் சொல்லி முடித்த பின், எழுந்து செல்லும் தறுவாயில் தயங்கியபடி தெரிவிக்கும் குறை ஒன்று உண்டு. "டயப்பர் போடும் இடம் சிவந்து வெந்ததுபோல் இருக்கிறது, எத்தனையோ களிம்பு தடவிவிட்டோம், ஆறவே இல்லை" என்பதே அது.

இதில் தயங்குவதற்கு ஒன்றும் இல்லை. டயப்பர் அணியும் குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு ஒருமுறையேனும் இத்தடிப்பு தோன்றும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில் இது மிகுதி. கழிப்பறைப் பழக்கம் வரும்வரை, அதாவது இரண்டு, மூன்று வயதுவரை, அவ்வப்போது தலைகாட்டும். இதனைத் தாயின் கவனக்குறைவு என்று உறவினர் பழிப்பது நியாயமன்று. எனினும், நாள்கணக்கில் ஆறாத புண்ணுக்குக் காரணம் களிம்பின் வலிமைக் குறைவு அன்று என்பதையே இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறோம். பெரும்பாலான குழந்தைகளிடம் நாம் காண்பவை இரண்டு காரணங்கள்: ஒன்று, தோல் ஈரத்தில் ஊறும் நேரம் குறையாமல் இருப்பது; மற்றொன்று, தவறான குழாய்க் களிம்பு.

தோலுக்கு நேர்வது என்ன?

நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அவ்வமிலமே அதன் காவல். டயப்பருக்குள் சிறுநீரும் மலமும் கலக்கும்போது, மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குகின்றன. அதனால் அமிலத்தன்மை குன்றுகிறது. அது குன்றியதும், புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் மல நொதிகள் வீறுகொண்டு, ஏற்கெனவே ஊறி மென்மையான தோலை அரிக்கின்றன. குழந்தை நடக்கும்போதும் தவழும்போதும் ஏற்படும் உராய்வு எஞ்சியதைச் செய்துவிடுகிறது.

1921-ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் மருத்துவ உலகம் அமோனியாவையே முதற்குற்றவாளியாகக் கருதி வந்தது. 1970-களிலும் 1980-களிலும் நடந்த ஆய்வுகளே மல நொதிகளின் பங்கை விளக்கின. இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. இன்றைய டயப்பர்களிலுள்ள உறிஞ்சு துகள்கள் சிறுநீரை உள்ளிழுத்துப் பூட்டிக்கொள்ளும். மலத்தை அவ்வாறு பூட்ட இயலாது. ஆகவே "பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்" என்று உறையில் அச்சிட்டிருப்பது சிறுநீருக்கே ஓரளவு பொருந்தும். மலம் கழித்த டயப்பரை அரை மணி நேரம் விட்டுவைப்பதும் தோலுக்குக் கேடுதான்.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் சிசுவின் மலத்தில் இந்நொதிகளின் தீவிரம் குறைவு. சோறும் பருப்பும் பழச்சாறும் உண்ணத் தொடங்கிய குழந்தைக்குத் தொல்லை கூடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. வயிற்றுப்போக்கின்போதும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொள்ளும் நாள்களிலும் புண் வேகமாகப் பரவும்.

எவ்வகைப் புண் என்று அறிதல்

நல்ல வெளிச்சத்தில் குழந்தையைப் படுக்கவைத்துத் தொடை மடிப்புகளை மெல்ல விரித்துப் பாருங்கள். சிவப்பு, டயப்பர் நேரடியாகத் தொடும் மேடான பகுதிகளில் மட்டும் பரவி, மடிப்பின் ஆழம் இயல்பாக இருந்தால், அது பெரும்பாலும் ஈரத்தாலும் உராய்வாலும் வந்த எளிய தடிப்பு. மடிப்புக்குள்ளேயே செக்கச்சிவந்து, ஓரம் தெளிவாகத் தெரிந்து, அதற்கு வெளியே சிறு சிறு சிவப்புப் பொட்டுகள் சிதறிக் கிடந்தால், கேண்டிடா என்னும் பூஞ்சை குடியேறியிருக்கலாம். எளிய தடிப்பு மூன்று நாள்களுக்கு மேல் ஆறாமல் நீடித்தாலும் பூஞ்சையை ஐயுற வேண்டும். அப்போது தடுப்புக் களிம்பு மட்டும் போதாது. குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு தேவைப்படும். அதனை மருத்துவர் சொல்லும் நாள்வரை, சிவப்பு மறைந்த பின்னும் விடாது தடவ வேண்டும். இரண்டே நாளில் நிறுத்தினால் புண் திரும்பி வரும். குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெண்படலம் உள்ளதா என்றும் பாருங்கள்.

மலவாயைச் சுற்றி மட்டும் வட்டமாகச் சிவந்து, மலம் கழிக்கையில் குழந்தை வலியால் அழுதால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றாக இருக்கக்கூடும். இரவில் அவ்விடத்தைச் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் மருத்துவம் வேறு.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, ஈரம் ஊறும் நேரத்தைக் குறைத்தல். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், மலம் கழித்தவுடனும் டயப்பரை மாற்றுங்கள். புண் ஆறும்வரை இரவிலும் ஒருமுறை எழுந்து மாற்றுவது நலம். தூளியில் நெடுநேரம் உறங்கும் குழந்தைக்குச் சேலைத்துணி உடலை இறுகச் சூழ்ந்திருப்பதால் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். புண் உள்ள நாள்களில் காற்றாடும் இடத்தில் பாயில் உறங்க விடுங்கள்.

இரண்டாவது, கழுவுதல். வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் போதும். ஒட்டிய மலத்தைத் தேய்க்காமல், தேங்காய் எண்ணெயில் தோய்த்த பஞ்சால் மெல்ல எடுங்கள். மணமூட்டிய ஈரத்தாள்களும் சோப்பும் வெந்த தோலில் எரிச்சல் தரும். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் கலக்க வேண்டாம். கழுவிய பின் துணியால் ஒற்றி எடுங்கள்.

மூன்றாவது, காற்றாட விடுதல். நாளில் மூன்று, நான்கு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் டயப்பர் இல்லாமல் விடுங்கள். பாய் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். புண்ணுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

நான்காவது, தடுப்புப் பூச்சு. துத்தநாக ஆக்சைடு களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ, தோல் தெரியாத அளவுக்குத் தடிப்பாகப் பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் அதனை முற்றிலும் சுரண்டி எடுப்பதே பலர் வீட்டில் புண் ஆறாமைக்குக் காரணம். மேலே படிந்த அழுக்கை மட்டும் துடைத்து, அதன்மீதே மறுபடியும் பூசுங்கள். பூஞ்சைக் களிம்பு பரிந்துரைக்கப்பட்டிருந்தால், முதலில் அதனை மெல்லியதாகத் தடவி, அதன்மேல் தடுப்புப் பூச்சை இடுங்கள்.

பவுடர் வேண்டாம். மடிப்புகளில் கட்டியாகித் தோலை உராயும். மூச்சோடு உள்ளே சென்றால் நுரையீரலுக்குக் கேடு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது பெரியோர் வழக்கமாயினும், தோல் கிழிந்த புண்ணில் அவற்றைத் தவிர்க்க வேண்டுகிறோம்.

மருந்துக்கடைக் குழாய் பற்றிய எச்சரிக்கை

ஷிப்டு முடிந்து திரும்பும் வழியில் மருந்துக்கடையில் "குழந்தைக்கு அரிப்பு, ஒரு ஆயின்ட்மென்ட் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது எளிது. ஆனால் அவ்வாறு கிடைக்கும் குழாய்களுள் சிலவற்றில் பூஞ்சை மருந்தோடும் நுண்ணுயிர்க்கொல்லியோடும் வலிமைமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கும். முதல் இரண்டு நாள் சிவப்பு மங்கும்; வீட்டார் மகிழ்வர். நிறுத்தியதும் முன்னினும் மோசமாகத் திரும்பும். மறுபடியும் அதே குழாய் வாங்கப்படும். இச்சுழற்சியில் பூஞ்சை அடங்காமல் வளர்வதோடு, குழந்தையின் தோலும் மெலிந்துவிடுகிறது. டயப்பர் என்பது பூச்சின்மேல் இறுக மூடிய உறை. அதன் அடியில் ஸ்டீராய்டு பன்மடங்கு உறிஞ்சப்பட்டு இரத்தத்திலும் கலந்து, உடலின் இயற்கையான சுரப்புகளைக் குன்றச் செய்யக்கூடும்.

ஆகவே குழாயின்மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஏதேனும் உள்ளதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் டயப்பர் பகுதியில் தாமாகத் தடவாதீர்கள். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டு விதியைத் திருத்தியது இக்காரணம் பற்றியே. ஏற்கெனவே சில வாரங்களாகத் தடவி வந்திருப்பின், அஞ்சாமல் அக்குழாயுடன் வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை நேரமும் கைமாறும் குழந்தையும்

மூன்று ஷிப்டுகளில் இயங்கும் பகுதியில், குழந்தை ஒரு நாளில் தாய், தந்தை, பாட்டி, பக்கத்து வீட்டார், காப்பகப் பணியாளர் என்று பல கைகளுக்கு மாறுகிறது. ஒவ்வொருவரும் "சற்றுமுன்தான் அவர்கள் மாற்றியிருப்பார்கள்" என்று எண்ணிவிடுவது இயல்பு. அந்த இடைவெளியில்தான் புண் நிலைக்கிறது. குழந்தை இருக்கும் இடத்தில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, டயப்பர் மாற்றிய நேரத்தை மட்டும் குறித்து வாருங்கள். எழுத்து வேண்டியதில்லை, ஒரு கோடும் மணியும் போதும். இரண்டு நாள் கணக்கைப் பார்த்தாலே எந்த வேளையில் ஐந்து, ஆறு மணி நேரம் விடுபடுகிறது என்பது வீட்டாருக்கே விளங்கிவிடும். காப்பகத்தில் விடும்போது களிம்பைப் பெயரெழுதித் தனியே கொடுங்கள். ஒரு குழாயைப் பல குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாகாது.

2017-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் கூறியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதனையே வகுத்துள்ளது. உங்கள் பணியிடத்தில் இவ்வசதி உண்டா என்று கேட்டறியுங்கள். நான்கு முறை பார்க்கச் செல்வது, நான்கு முறை டயப்பரைச் சோதிக்கும் வாய்ப்பும் ஆகும்.

விலை கருதித் துணியே கட்டும் வீடுகளும் பல. அது நல்லதே, நனைந்தவுடன் மாற்ற வேண்டும், அதன்மேல் பிளாஸ்டிக் ஜட்டி அணிவிக்கக் கூடாது. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் கடல்நீர் ஊடுருவி நிலத்தடி நீர் உவர்ப்பேறியுள்ளது. இத்தகைய நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. மிகுதியாகப் போட்ட சோப்பு நூலிழைகளில் தங்கிக் குழந்தையின் தோலை எரிக்கும். எனவே குறைவான சோப்பிட்டு, மூன்று முறை அலசுங்கள். தொழிற்சாலைச் சீருடையோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூசும் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாவிட்டால் இஸ்திரி போட்டு ஈரம் போக்கியே கட்டுங்கள்.

எப்போது உடனே வர வேண்டும்?

முறையாகக் கவனித்தும் மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள். காய்ச்சல், சீழ், நீர்க்கொப்புளம், இரத்தக் கசிவு, சிறுநீர் கழிக்க அழுதல், தடிப்பு வயிற்றுக்கும் முதுகுக்கும் பரவுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். வாயைச் சுற்றியும் கைகால்களிலும் அதே போன்ற புண், முடி உதிர்தல், நீங்காத வயிற்றுப்போக்கு, எடை கூடாமை ஆகியன சேர்ந்து வந்தால், உடலில் துத்தநாகச் சத்து குறைந்திருக்கக்கூடும். அதனைக் களிம்பால் சரிசெய்ய இயலாது.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசலோடு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள்களுக்கு வழங்கப்படும் துத்தநாக மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். போக்கு நின்றால் புண்ணும் விரைவில் ஆறும்.

மருத்துவமனைக்கு வரும்போது மூன்று பொருள்களை உடன் கொண்டுவர அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்: இதுவரை தடவிய எல்லாக் குழாய்களும், டயப்பர் மாற்றிய நேரம் குறித்த தாளும், குழந்தை உட்கொள்ளும் மருந்துகளும். அத்தாளைப் பார்த்த பின்னரே அடுத்த களிம்பு வேண்டுமா, வேண்டாவா என்று முடிவு செய்வோம். பல வேளைகளில், வேண்டா என்பதே விடையாக இருக்கும்.