பெட்டரியை மாற்றுமுன் கேபிளைப் பாருங்கள்

வியாபாரிக்கு வாகனமும் ஒரு கடைதான். காலையில் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் கடைக் கதவு திறபடாதது போலத்தான். இதை நான் நஷ்டப்பட்டே கற்றுக்கொண்டேன்.

2005 ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாட்கள் இருந்தன. மாவனல்லையில் எனது புடவைக் கடையில் சிறுவர் உடுப்புகள் முடிந்துவிட்டன. சஹர் செய்துவிட்டு புறக்கோட்டைக்குப் புறப்பட, டீசல் வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றொரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிந்தது.

இத்தனைக்கும் பத்து நாட்களுக்கு முன்னர்தான் இதே கோளாறுக்கு ஒரு கராஜில் புதிய பெட்டரி போட்டிருந்தேன். பழைய பெட்டரியையும் கழிவு விலைக்குக் கொடுத்தாயிற்று.

தெரிந்த வயதான வயரிங் பாஸ் ஒருவர் வந்து சேர பத்து மணியாகிவிட்டது. பெட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேர்க் கேபிளின் றப்பரைக் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைத் தூளாகி உதிர்ந்தன. "தம்பி, பெட்டரியில குறையில்ல. அதிலிருந்து போற பாததான் கெட்டிருக்கு" என்றார். அன்று சரக்கு வரவில்லை. வந்த வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். பெருநாள் வியாபாரம் பெருநாளுக்குப் பிறகு வராது.

அப்படியானால் லைட் எப்படி எரிந்தது? இரண்டு ஹெட்லைட்டுக்கும் சுமார் 9 அம்பியர் மின்னோட்டம் போதும். டீசல் வேனின் ஸ்டார்ட்டர் மோட்டாரோ 200 அம்பியருக்கு மேலும் இழுக்கும். அரிப்பினால் கேபிளில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை உண்டானாலும், 200 அம்பியர் ஓடும்போது 2 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். லைட்டுக்கு அதே தடையில் 0.1 வோல்ட்கூடக் குறையாது. களஞ்சியம் நிறையச் சரக்கிருந்தும் லொறி போகப் பாதை இல்லாத கதைதான்.

புதிய பெட்டரி போட்டதும் சில நாட்கள் ஓடியதற்கும் காரணம் உண்டு. மாற்றும்போது டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டி இறுக்கியதால் தொடுகை கொஞ்சம் சீரானது. உள்ளிருந்த நோய் அப்படியே இருந்தது.

பெட்டரிக்குக் காசு கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மல்டிமீட்டரை நேரோட்ட வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெட்டரியின் நேர் ஈயக் கம்பத்திலும் (டெர்மினலில் அல்ல), மற்றதை ஸ்டார்ட்டரில் கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் பிடியுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, ஹேன்ட் பிரேக்கைப் போட்டு, இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது அந்தப் பாதையில்தான். எதிர்க் கம்பத்துக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலும் இதேபோல் பாருங்கள். எர்த் கேபிளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அரிப்பு வெளியில் மட்டுமென்றால் செலவே இல்லை. கைகளுக்கு உறை போட்டு, கண்ணையும் காத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூளில் அமிலம் இருக்கும். முதலில் எதிர் டெர்மினலைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்பேனர் தவறி பொடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. பெட்டரியருகே ஐதரசன் வாயு இருக்கக்கூடும் என்பதால் சிகரட்டும் கூடாது. அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் நுரைத்து அமிலம் அடங்கும். அது பெட்டரி மூடிகளுக்குள் இறங்கிவிடக் கூடாது. கழுவி, உலர்த்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிய பிறகு வெசலின் பூசுங்கள்.

நுனியில் மட்டும் கம்பி கெட்டிருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, புதிய டெர்மினலை அழுத்தி இறுக்கலாம். வெட்ட வெட்டப் பச்சையாகவே வந்தாலும், றப்பர் வீங்கியிருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். நீளமும் தடிப்பும் அதைவிடக் குறையக் கூடாது. மலிவானவற்றில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவையும் உண்டு. நுனியைச் சுரண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாமென்று விடுங்கள்.

சுத்தம் செய்தும் சீக்கிரமே திரும்பத் தூள் பிடித்தால், எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் வோல்ட்டை அளந்து பாருங்கள். சாதாரணமாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 15ஐத் தாண்டினால் அல்டர்னேட்டர் அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்கிறது, அதை முதலில் திருத்த வேண்டும்.

எனக்குப் புதிய கேபிளுக்குப் போன காசு பெட்டரி விலையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. இப்போதெல்லாம் மாதத்துக்கொரு தடவை, கடை திறக்குமுன் பொனட்டைத் திறந்து பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. பெருநாளுக்கு முந்திய வாரமென்றால் கட்டாயம் பார்ப்பேன்.