நசுங்கிய மஸ்டாங்: சாயத்துக்கு அடியில் இருக்கும் அறிவியல்

தேக்கா சந்திப்பில் சிவப்பு விளக்கு. 1965ஆம் ஆண்டில் தயாரான ஒரு ஃபோர்டு மஸ்டாங் கார் வரிசையில் நிற்கிறது. பின்னால் வந்த கார் உரிய நேரத்தில் நிற்காமல் அதன்மீது மோதிவிடுகிறது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மஸ்டாங்கின் பின்பக்கம் நசுங்கி உள்ளே போய்விட்டது. இனி அதை எப்படிச் சரிசெய்வது?

"தட்டி நிமிர்த்திச் சாயம் அடித்தால் போயிற்று" என்று நீங்கள் நினைக்கலாம். சாயம் காய்ந்ததும் கார் புதிதுபோல மின்னும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு காரைச் சரிசெய்வதில் முக்கியமான வேலைகள் எல்லாம் சாயத்துக்கு அடியில்தான் நடக்கின்றன. அவை சரியாக நடந்தனவா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை அந்தக் காரில் உட்காருபவரின் பாதுகாப்பு இருக்கிறது. இந்த வாரம் அந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் காரை அறிவோம்

சிறிய உடலில் பெரிய எந்திரத்தைப் பொருத்திய அமெரிக்கக் கார்களை 'மசல் கார்' என்பார்கள். 1964 ஏப்ரல் 17ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டாங்கும் பேச்சுவழக்கில் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளுக்குள் ஒரு மில்லியன் மஸ்டாங் கார்கள் தயாராகின.

ஃபோர்டு என்ற பெயர் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. தேக்காவிலிருந்து புக்கிட் தீமா சாலை வழியே மேற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை வரும். 1941ல் திறக்கப்பட்ட அந்த ஆலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. போருக்குப் பிறகு 1980 வரை அங்கே கார்கள் பூட்டப்பட்டன. இன்று அது அருங்காட்சியகம்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ், குறைந்தது 35 ஆண்டு வயதான கார்களை ஆண்டுக்கு 45 நாள்கள் வரை இங்கு ஓட்டலாம். அந்த 45 நாள்களிலும் அவை நம் பேருந்துகளோடும் டாக்சிகளோடும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன.

ஆற்றல் எங்கே போனது?

மோதிய காரின் நிறை 1,300 கிலோகிராம், வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று கொள்வோம். அதாவது வினாடிக்கு 10 மீட்டர். 'கைனெட்டிக் எனர்ஜி' என்று வகுப்பில் படிக்கும் இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள்:

½ × 1,300 × 10 × 10 = 65,000 ஜூல்.

மஸ்டாங்கின் நிறையும் ஏறத்தாழ 1,300 கிலோகிராம். மோதிய பின் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், நிறை இரட்டிப்பாகிறது. எனவே வேகம் பாதியாகி, வினாடிக்கு 5 மீட்டர் ஆகும். இப்போது மீதமுள்ள இயக்க ஆற்றல்:

½ × 2,600 × 5 × 5 = 32,500 ஜூல்.

மற்ற 32,500 ஜூல் எங்கே? ஆற்றல் அழியாது என்பது விதி. கொஞ்சம் ஒலியாகவும் வெப்பமாகவும் போனது. பெரும்பகுதி இரு கார்களின் தகடுகளையும் வளைக்கச் செலவானது. மஸ்டாங்கை 2.5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. உங்கள் அடுக்குமாடி வீட்டின் கூரை உயரத்தை நினைத்துப் பாருங்கள், புரியும். உண்மையான விபத்தில் கார்கள் சற்றே துள்ளி விலகும், பிரேக்கும் பிடித்திருக்கும். ஆகவே இது தோராயமான கணக்கு. ஆனாலும் பம்பர் மட்டும் தாங்கக்கூடிய அளவல்ல அது என்பது தெளிவு.

இன்றைய கார்களில் இந்த ஆற்றலை வாங்கிக்கொள்வதற்கென்றே முன்னும் பின்னும் நசுங்கும் பகுதிகளை அமைக்கிறார்கள். பயணிகள் அமரும் நடுக்கூடு மட்டும் உறுதியாக இருக்கும். பெலா பாரெனி என்ற பொறியாளர் இந்த யோசனைக்கு 1952ல் காப்புரிமை பெற்றார். 1959ல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அதைத் தன் காரில் கொண்டுவந்தது. 1965ஆம் ஆண்டு மஸ்டாங்கில் அப்படித் திட்டமிட்ட பகுதி எதுவும் இல்லை. அடி எங்கெங்கோ பரவியிருக்கும்.

ஒரு பேப்பர் கிளிப் சொல்லும் பாடம்

ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளைந்த பகுதி ஒன்றை விரலால் நிமிர்த்தி, பழைய நேர்க்கம்பியாக மாற்றப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் வளைவு இருந்த இடத்தில் சிறு புடைப்பு மிஞ்சும். அதன் இரு பக்கத்திலும் கம்பி புதிதாக வளைந்திருக்கும். ஏன்?

எஃகு ஓர் எல்லைவரை ரப்பர்போல நடந்துகொள்ளும். விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இது மீள்தன்மை. அந்த எல்லையைத் தாண்டி வளைத்தால், உள்ளே அணுக்களின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிவிடும். மாறிய அடுக்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், அந்த இடம் முன்பைவிடக் கடினமாகிறது. இதைத்தான் 'வொர்க் ஹார்டனிங்' என்கிறார்கள். கடினமான இடம் மறுபடி வளைய மறுக்கிறது. பக்கத்தில் உள்ள மென்மையான இடம் வளைந்துகொடுக்கிறது. அதே கிளிப்பை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் கடைசியில் முறிந்துவிடும்.

மஸ்டாங்கின் நசுங்கிய தகட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. கூர்மையாக மடிந்த இடங்கள் கடினமாகிவிட்டன. ஆழமான பள்ளத்தின் நடுவில் சுத்தியலால் ஓங்கி அடிப்பது, கிளிப்பை விரலால் நிமிர்த்துவது போன்றதே.

முதலில் அளவு, பிறகுதான் சுத்தியல்

மஸ்டாங்கில் கனமான தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத் தகடு, பக்கத் தகடுகள், அடியில் ஓடும் பெட்டி வடிவச் சட்டங்கள் எல்லாவற்றையும் பற்றவைத்து ஒரே கூடாக ஆக்கியிருப்பார்கள். ஓர் இடத்தில் விழுந்த அடி கூடு முழுவதையும் சற்றே கோணலாக்கலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது.

இங்கே உங்கள் கணித வகுப்பு உதவுகிறது. ஒரு செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களும் சமம். அதைச் சாய்த்து இணைகரமாக்கினால் பக்கங்களின் நீளம் மாறாது. மூலைவிட்டங்கள் மட்டும் வேறுபடும். அதனால், சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள ஒரு நல்ல பட்டறையில், காரின் அடியில் இடமும் வலமுமாக ஒத்த புள்ளிகளைக் குறித்துக்கொண்டு குறுக்காக அளப்பார்கள். இரண்டு அளவுகளும் சில மில்லிமீட்டர் வேறுபட்டாலே கூடு கோணியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் விட்டால் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராது. கார் நண்டுபோலச் சாய்ந்து ஓடும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். திடீரென்று பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அளந்த பிறகு, காரைக் கனமான இரும்பு மேடையில் அசையாமல் பூட்டி, ஹைட்ராலிக் கருவியால் சங்கிலி போட்டு இழுப்பார்கள். சிறு உருளையில் கொடுக்கும் அழுத்தம் பெரிய உருளையில் பெரும் விசையாகும் என்ற பாஸ்கல் விதிதான் அந்தக் கருவியின் அடிப்படை. இழுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. மோதலில் கடைசியாக வளைந்தது முதலில் வெளியே வர வேண்டும். சரியான அளவைச் சற்றே தாண்டி இழுத்துத் தளர்த்துவார்கள். மீள்தன்மையால் உலோகம் கொஞ்சம் பின்வாங்கி, வேண்டிய இடத்தில் நிற்கும்.

தட்டலும் சூடும்

கூடு நேரான பிறகுதான் தகட்டு வேலை. பணியாளர் கனமான வழுவழுப்பான இரும்புக் கட்டையைத் தகட்டின் உட்புறம் ஒரு கையால் பிடித்துக்கொள்வார். மறு கையால் வெளிப்புறம் புடைத்த இடங்களை இலேசாகத் தட்டுவார். ஓங்கிய பத்து அடிகளைவிட மென்மையான நூறு தட்டல்கள் நல்லது. ஏனென்றால் ஒவ்வோர் அடியும் தகட்டைக் கொஞ்சம் மெல்லியதாக்கி விரிக்கிறது. விரிந்த தகடு, டின் மூடியைப்போல 'டொக் டொக்' என்று உள்ளே வெளியே துள்ளும்.

விரிந்ததைச் சுருக்கச் சூடு உதவும். சிறு புள்ளி ஒன்றை மட்டும் சிவக்கச் சூடாக்குவார்கள். அது விரிவடையப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் இடம் தராது. எனவே அந்தப் புள்ளி பக்கவாட்டில் விரிய முடியாமல் தடிக்கிறது. ஆறும்போது சுருங்கி, சுற்றியுள்ள தகட்டையும் இழுத்துக்கொள்கிறது. வெப்ப விரிவு என்ற பாடத்தின் அழகான பயன்பாடு இது.

ஆனால் கவனியுங்கள். 1960களின் மென்மையான எஃகுக்குப் பொருந்தும் இந்த முறை, இன்றைய கார்களின் உயர்வலிமை எஃகுக்குப் பொருந்தாது. சூடாக்கினால் அது வலிமையை இழந்துவிடும். அதனால்தான் புதிய கார்களில் பல பாகங்களை நிமிர்த்தாமல், வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள்.

பின் இருக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இனி மிக முக்கியமான பகுதி. அந்தக் கால மஸ்டாங்கில் சுமார் 60 லிட்டர் பெட்ரோல் தொட்டி காரின் பின்கோடியில் இருக்கிறது. தொட்டியின் மேல் தகடுதான், சாமான் வைக்கும் பின்பெட்டியின் தரை. அந்தப் பெட்டிக்கும் பயணிகளுக்கும் நடுவே இரும்புச் சுவர் கிடையாது. பின் இருக்கையின் சாய்மானமும் மெல்லிய அட்டையும்தான் உண்டு. பலமாக மோதினால் தொட்டி பிளந்து, பெட்ரோல் நேராகப் பயணிகள் பக்கம் வரலாம்.

ஃபோர்டின் இன்னொரு காரான பின்டோ இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்தியது. பின்புற மோதலில் தொட்டி கிழிந்து தீப்பிடித்த விபத்துகளுக்குப் பிறகு, 1978ல் சுமார் 1.5 மில்லியன் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. 1977ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, பின்னால் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் எரிபொருள் பெருமளவில் கசியக்கூடாது என்ற சோதனையை அமெரிக்கா கட்டாயமாக்கியது. 1965ஆம் ஆண்டு மஸ்டாங் அந்தச் சோதனைக்கு முந்தியது.

எனவே, அடிபட்ட தொட்டியைத் தட்டி ஒட்டுப்போடக்கூடாது. மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் சுமார் கழித்தல் 40 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். சிங்கப்பூரின் வெப்பத்தில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். 'காலியான' தொட்டிக்குள் ஆவியும் காற்றும் கலந்திருப்பதால், பற்றவைக்கும் தீப்பொறி பட்டால் அது வெடிக்கும். ஆகவே பின்பக்கம் பற்றவைக்கும் முன் தொட்டியைக் கழற்றி, தொலைவில் வைத்துவிடுவார்கள்.

பழைய கார் ஆர்வலர்களிடையே ஒரு விவாதம் உண்டு. தொட்டிக்கும் இருக்கைக்கும் நடுவே எஃகுத் தடுப்பு ஒன்றைப் பொருத்தலாமா? "ஆலையில் இல்லாததைச் சேர்த்தால் காரின் அசல்தன்மை போய்விடும்" என்பார்கள் சிலர். தடுப்பு வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. பின் இருக்கையை மூடினால் அது வெளியே தெரியாது. அந்த இருக்கையில் பெரும்பாலும் அமர்வதோ உங்களைப் போன்ற பிள்ளைகள்தான்.

இன்னொன்று: 1965ஆம் ஆண்டு மஸ்டாங்கின் இருக்கைகளில் தலையணை கிடையாது. பின்னால் மோதும்போது இருக்கை உடலை முன்னே தள்ளும். தலையோ நியூட்டனின் முதல் விதிப்படி இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். இடையில் சிக்குவது கழுத்து. அமெரிக்காவில் 1969 முதல்தான் புதிய கார்களில் முன் இருக்கைத் தலையணை கட்டாயமானது. ஆகவே கார் சிறிதளவே நசுங்கியிருந்தாலும், கழுத்து வலித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசி எதிரி, துரு

நம் நாட்டில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் துரு. சுத்தியல் பட்டும் சூடு பட்டும் பழைய பூச்சு போன இடங்களில் துரு உடனே தொடங்கும். அதனால் பற்றவைத்த இணைப்புகளின் உட்புறத்திலும் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு அடிக்க வேண்டும். அடுத்து, மிஞ்சிய மெல்லிய குழிகளை மட்டும் பசைபோன்ற நிரப்பியால் சமன்செய்து தேய்ப்பார்கள். சோம்பேறித்தனமான வேலையில், நிமிராத பள்ளத்தையே நிரப்பியால் தடிமனாக மூடிவிடுவார்கள். அது நாளடைவில் ஈரத்தை உறிஞ்சி வெடிக்கும். அடியில் துரு வளரும்.

இதை ஒரு காந்தத்தால் கண்டுபிடிக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, உரிமையாளரின் அனுமதியோடு காரின் தகட்டில் மெதுவாக நகர்த்துங்கள். தூரம் கூடினால் காந்த விசை வேகமாகக் குறையும். நிரப்பி தடிமனாக உள்ள இடத்தில் பிடி தளர்வதைக் கை உணரும். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியத் தகட்டிலும் காந்தம் ஒட்டவே ஒட்டாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

மோதிய காரின் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டராக இருந்திருந்தால், தகடுகளை வளைக்க எத்தனை ஜூல் போயிருக்கும்? முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

விடை: ஏறத்தாழ 73,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் தகடுகளை வளைத்த ஆற்றலோ இரண்டேகால் மடங்கு.