ஒரே நாளில் 122 பேர்: கடலூர் கணக்கு சொல்லித்தரும் தொற்றுநோயியல்

2020 மே 4. தமிழ்நாட்டில் அன்று ஒரே நாளில் 527 பேருக்கு கொரோனா உறுதியானது. அதில் 266 பேர் சென்னை. இரண்டாவது இடத்தில் கோவையும் இல்லை, மதுரையும் இல்லை. கடலூர் மாவட்டம், 122 பேர்! நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் என்று பெரும்பாலும் சிறு நகரங்களும் கிராமங்களும் கொண்ட மாவட்டம். அதுவும் ஊரடங்கு நேரம், பஸ் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை. அப்புறம் எப்படி?

விடை கடலூரில் இல்லை, கோயம்பேட்டில் இருந்தது. காய்கறி, பழம், பூ என்று மொத்தச் சென்னைக்கும் சரக்கு போகும் அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்களில் கணிசமானோர் கடலூர், அரியலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள். மார்க்கெட்டில் தொற்று பரவியதும் ஊர் திரும்பினார்கள், பலர் லாரிகளில். மே 5-ம் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து, தனிமைப்படுத்தி, பரிசோதித்தார்கள். முடிவுகள் மொத்தமாக வந்தன. 122.

எண்ணைப் படிப்பது எப்படி?

தொற்றுநோயியலில் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்றுதான்: யாருக்கு, எங்கே, எப்போது? நுண்ணோக்கி எல்லாம் அப்புறம். அந்த 122-ஐ இந்த மூன்றிலும் போட்டுப் பாருங்கள். எங்கே என்றால் மாவட்டத்தின் வெவ்வேறு ஊர்கள். எப்போது என்றால் ஒரே சமயத்தில். இந்த இரண்டை மட்டும் பார்த்தால் மாவட்டம் முழுக்கத் தீ பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் யாருக்கு என்று கேட்டதும் படம் மாறிவிடுகிறது. பெரும்பாலும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள்.

ஒரே மூலத்திலிருந்து பலருக்குத் தொற்று வந்தால் வரைபடத்தில் ஒரு செங்குத்தான மேடு எழும்பி, பிறகு இறங்கும். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவினால் அலை அலையாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வரும். கடலூரில் வந்தது முதல் வகை. அடுத்தடுத்த வாரங்களில் மாவட்டத்தின் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறவில்லை.

இன்னொரு சிக்கல். 122 என்பது தொற்று வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, தேடிக் கண்டுபிடித்தவர்களின் எண்ணிக்கை. அதே மே, ஜூன் மாதங்களில் நாடு முழுவதும் ஐசிஎம்ஆர் நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்வு, உறுதியான ஒவ்வொரு நோயாளிக்கும் 80-க்கு மேற்பட்ட தொற்றுகள் நடந்திருக்கும் என்று கணக்கிட்டது. ஆக, எங்கே டார்ச் அடிக்கிறோமோ அங்கேதான் எண் தெரியும். டிவியில் மாவட்ட வாரியாகப் பட்டியல் ஓடும்போது, எத்தனை பேரைப் பரிசோதித்து இந்த எண் வந்தது என்பதையும் சேர்த்துப் போட்டிருந்தால் பாதி பீதி குறைந்திருக்கும்.

ஏழு பேர் சும்மா, ஒருவர் போதும்

அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் 'ஆர்'. ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற எண். சராசரியின் குணம் தெரிந்ததுதானே? பத்து பேர் சேர்ந்து 20 இட்லி சாப்பிட்டால் ஆளுக்கு இரண்டு என்று சொல்லலாம். உண்மையில் ஏழு பேர் தொட்டே இருக்க மாட்டார்கள், ஒருவர் பன்னிரண்டு சாப்பிட்டிருப்பார்.

கொரோனாவும் இப்படித்தான் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டிய ஆதாரம் நம் பக்கத்திலிருந்துதான் போனது. ரமணன் லக்ஷ்மிநாராயண் தலைமையிலான குழு தமிழ்நாடு, ஆந்திரா தொடர்புத் தேடல் தரவுகளை எடுத்து, 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். தொடர்புகள் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேலானோரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று போனதாகத் தெரியவில்லை. நெருங்கிப் புழங்கியவர்களில் 10.7 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 4.7 சதவீதத்தினருக்கும் தொற்று. ஆனால் ஒரே வண்டியில், நோயாளிக்குப் பக்கத்தில், ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தவர்களில் சுமார் 79 சதவீதம்! இந்தக் கடைசிப் பிரிவில் இருந்தது வெறும் 78 பேர்தான், அதனால் அந்த எண்ணைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நெருக்கியடித்து வந்த லாரிகளை நினைத்தால் ஆச்சரியமாக இல்லை.

அதனால்தான் 'இவர் யாரையெல்லாம் பார்த்தார்?' என்பதோடு 'இவருக்கு எங்கிருந்து வந்தது?' என்று பின்னோக்கிப் போவதும் முக்கியமாகிறது. முன்னோக்கிப் போனால் பெரும்பாலும் அந்தச் சும்மா இருந்த ஏழு பேரில் ஒருவரிடம்தான் நிற்போம். பின்னோக்கிப் போனால் கோயம்பேடு கிடைக்கும்.

மேடே எழும்பாத நோய்

இதே மூன்று கேள்விகள் தடுமாறும் இடமும் இதே மாவட்டத்தில் யோசித்துப் பார்க்க வாகாக இருக்கிறது. விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில், ரயில் ஜங்ஷன், அப்புறம் பீங்கான். பொம்மை, அகல் விளக்கு என்று செய்யும் சிறு கூடங்கள் கொண்ட ஊர்.

பீங்கான் தொழிலின் மூலப்பொருள்களான களிமண்ணிலும் குவார்ட்ஸிலும் சிலிக்கா இருக்கிறது. அரைக்கும்போதும் காய்ந்த பொருளைத் தேய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து, மூச்சோடு போய் நுரையீரலில் தழும்பு போடும். அதுதான் சிலிகோசிஸ். தொற்றாது, ஆனால் குணமும் ஆகாது. பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் வெளியே தெரிய. காசநோய் வரும் ஆபத்தையும் கூட்டும். இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் காசநோய் மாதிரியே இருப்பதால், பல இடங்களில் அந்தப் பெயரிலேயே மருந்து கொடுத்து அனுப்பப்படுகிறது.

'எப்போது' என்ற கேள்வி இங்கே பத்து, இருபது வருடத்துக்கு நீண்டுவிடுகிறது. 'எங்கே' என்றால், ஆள் அதற்குள் வேறு ஊரில், வேறு வேலையில். கூடத்துக்கே போய்ப் பரிசோதித்தால்? அதிலும் ஒரு பொறி உண்டு. மூச்சு வாங்க ஆரம்பித்தவர் முதலில் வேலையை விட்டிருப்பார். உள்ளே இருப்பவர்கள் தெம்பானவர்கள். 'இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க' என்று கூடத்தில் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தேடிப் பார்த்த இடங்களில் கதை வேறு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோரில் சிலேட்டுப் பென்சில் தொழிலாளர்களை அகமதாபாத் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிசோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு சிலிகோசிஸ் இருந்தது.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பொதுவாகப் பத்து பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. ஐந்து பேர், ஆறு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் கூடங்கள் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குயவர்களுக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார் அவர்: 'நீ என்ன வேலை பார்க்கிறாய்?' விருத்தாசலத்தில் இருமலோடு வரும் ஒருவரிடம் அதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும். 'இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம்?'