காபித் தண்டுக்குள் ஒரு திருடன்!

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். "தேனி! வத்தலக்குண்டு! கொடைக்கானல்!" என்று கண்டக்டர்கள் போடும் கூச்சலுக்கு நடுவே, ஒரு கையில் பையும் மறு கையில் காபித் தம்ளருமாக ஒரு கூட்டம் நிற்கும். காபி உள்ளே போன பிறகுதான் பலருக்குக் கண்ணே திறக்கிறது. அந்தக் காபி விளையும் செடிக்கு மேற்கு மலையில் ஒரு விரோதி இருக்கிறான் என்பது, குடிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே பஸ் ஏறி வத்தலக்குண்டு வரை போனால் மலைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. நேரே மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானல். பட்டிவீரன்பட்டிப் பக்கம் திரும்பி ஏறினால் தாண்டிக்குடி, பெரும்பாறை. பின்னது கீழ்ப்பழனி மலை. காபியும் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும் விளைகிற இடம்.

உல்லாசப் பிரயாணிகளில் முக்கால்வாசிப் பேர் முதல் வழியில்தான் போகிறார்கள். போனவர்கள் கொடைக்கானல் பைன் மரக் காட்டில் நின்று ஒரு படம் எடுத்துக் கொள்ளாமல் திரும்புவதில்லை. பைன் நம் மலையில் தானாக முளைத்த மரமல்ல. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்து நட்டது. அது தானாகவே காடாக வளர்ந்து நிற்கும் நாடுகளில் என்ன நடந்தது என்று கேட்டால், படம் எடுக்கும் உற்சாகம் சற்றுக் குறைந்துவிடும்.

கனடா தேசத்தின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு மாகாணம். அங்கே 1990-களின் பிற்பகுதியில் அரிசி மணி அளவே உள்ள ஒரு வண்டு பைன் காடுகளில் பெருகத் தொடங்கியது. ஏறத்தாழ 20 ஆண்டுக் காலத்தில் அது கைவைத்த காட்டின் பரப்பு சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர்தான்!

அந்த வண்டு மரப்பட்டையைத் துளைத்து உள்ளே நுழைகிறது. மரம் சும்மா இருக்குமா? பிசினைக் கக்கி வண்டைத் துரத்தப் பார்க்கிறது. உடனே வண்டு ஒருவித வாசனையை விட்டுத் தன் கூட்டத்தையே கூப்பிடுகிறது. ஆயிரக்கணக்கில் வந்து மொய்த்தால், எந்த மரத்துக்கும் பிசின் போதாது. வறட்சியில் வாடிய மரம் இன்னும் சீக்கிரம் தோற்றுவிடும். அந்த ஊர்க் கடுங்குளிர், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக்கு இறங்கினால், பட்டைக்கு அடியில் இருக்கும் புழுக்கள் செத்துப் போகும். குளிர்காலம் மிதமாகிக்கொண்டே வந்ததால் அந்தக் காவலும் போயிற்று. வண்டு விழுந்த மரங்களைத் தேடிப் பிடித்து வெட்டி எரித்தார்கள். தொடக்கத்தில் சில இடங்களில் பலித்தது. காடு முழுவதும் பரவிய பிறகு எத்தனை மரத்தை வெட்டுவது?

இனி நம் கீழ்ப்பழனிக்கு வருவோம். இங்குள்ள வண்டு வேறு ஜாதி. ஆனால் தொழில் ஒன்றுதான். காபி விவசாயிகள் அதைப் 'போரர்' என்றே சொல்கிறார்கள். புத்தகத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று பெயர். கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டைகள் போட்ட ஒல்லியான வண்டு. பார்க்க அழகாகவே இருக்கும். அராபிகா காபிதான் அதற்குப் பிரியம். ரொபஸ்டாவை அவ்வளவாக நாடுவதில்லை.

பெண் வண்டு நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, காபிச் செடியின் அடித்தண்டில் பட்டை வெடித்திருக்கும் இடுக்குகளில் முட்டையிடுகிறது. பத்து நாளில் புழு வந்துவிடும். கொஞ்ச காலம் பட்டைக்கு அடியிலேயே சுற்றிச் சுற்றித் தின்னும். பிறகு கட்டைக்குள் புகுந்துகொள்ளும். தான் குடைந்த பாதையைத் தன் கழிவைக் கொண்டே கெட்டியாக அடைத்துக்கொண்டு போவதால், மேலே எந்த மருந்தைத் தெளித்தாலும் அதன்மேல் படாது. ஒன்பது பத்து மாதம் இப்படி உள்ளேயே வாசம். அப்புறம் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஒரு துளை போட்டுக்கொண்டு ஜம்மென்று வெளியே வரும்! இளஞ்செடியானால் ஒரு வருஷத்தில் காய்ந்துவிடும். வயதான செடி சில வருஷம் தாக்குப் பிடிக்கும். ஆனால் இலை மஞ்சளித்து, கொட்டை சப்பையாகிப் போகும்.

இது புதிய தொல்லை அல்ல. 1860-களில் குடகிலும் மைசூர்ப் பகுதியிலும் தோட்டம் தோட்டமாகச் செடிகள் மடிந்தன. சென்னை சர்க்கார் ஜார்ஜ் பிடி என்ற டாக்டரை அனுப்பி விசாரிக்கச் சொன்னது. அவருடைய அறிக்கை 1869-ல் வெளியாயிற்று. மரநிழலில் இருந்த காபி அவ்வளவாகச் சேதப்படவில்லை என்பது அவர் கண்ட முக்கியமான சங்கதி. துரைமார்கள் விளைச்சல் கூடும் என்று நிழல் மரங்களை வெட்டித் தள்ளியிருந்தார்கள். வெயிலை விரும்பும் வண்டுக்கு வேறென்ன வேண்டும்? பந்தி விரித்து இலை போட்டது போலாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் காபி வாரியம் சொல்லும் முதல் யோசனை நிழலைக் காப்பாற்றுங்கள் என்பதே.

தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. வாரியம் காட்டும் வழியில் நாள் நட்சத்திரம் முக்கியம். வண்டு வெளியே பறந்து முட்டையிடும் பருவம் ஆண்டில் இரண்டு. ஏப்ரல், மே ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் தோட்டம் முழுவதும் செடி செடியாகப் பார்க்க வேண்டும். தண்டில் வரி வரியாக மேடு தட்டியிருந்தால் உள்ளே திருடன் இருக்கிறான் என்று அர்த்தம். துளை வேருக்கு இறங்கியிருந்தால் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும்; இறங்காவிட்டால் அடியோடு வெட்டித் துளிர்க்க விடலாம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? செப்டம்பரில் காபிச் செடி எப்படி நிற்கும் தெரியுமா? கிளை கிளையாகப் பச்சைக் காய்! இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் பழுத்துவிடும். அந்தச் செடியைத்தான் பிடுங்க வேண்டும். மலையில் நான் சந்தித்த முதியவர் ஒருவர், இரண்டு ஏக்கர் தோட்டக்காரர், "தம்பி, நாலு வருஷம் தண்ணி சுமந்து வளர்த்த செடி. காயோட நிக்கிறதைப் பிடுங்கக் கை வருமா?" என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரண்டு மாதத்துக்குள் வண்டு வெளியேறி அக்கம்பக்கத்துச் செடிகளில் முட்டையிட்டுவிடும். வேலிக்கு அப்பால் இருப்பது யாருடைய தோட்டம் என்று வண்டு கேட்பதில்லையே! ஒருவர் பிடுங்கி, பக்கத்துத் தோட்டக்காரர் விட்டுவைத்தால் பிடுங்கியவர் பாடுதான் வீண். கூலி ஆள் கிடைக்காத இந்த நாளில், உரியவர் பட்டணத்தில் இருக்க ஆளில்லாமல் கிடக்கும் தோட்டம் ஒன்றே ஒரு சரிவைக் கெடுக்கப் போதும்.

நல்ல செடியைக் காக்க வேறு காரியங்களும் உண்டு. தேங்காய் நார் உறை போன்றவற்றால் அடித்தண்டைத் தேய்த்து, வெடித்த பட்டையை உதிர்த்துவிட்டால் வண்டுக்கு முட்டையிட இடுக்கு கிடைக்காது. தேய்க்கிறேன் என்று பச்சைத் தண்டைக் காயப்படுத்திவிடக் கூடாது. 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் கரைத்துத் தண்டில் பூசுவதும் உண்டு. முன்பு லிண்டேன் என்ற மருந்தைத்தான் பூசிவந்தார்கள். மண்ணிலும் உடம்பிலும் தங்கிக் கெடுதல் செய்யும் அந்த விஷத்தின் உற்பத்தி நம் நாட்டில் 2011-லும், உபயோகம் 2013-லும் தடை செய்யப்பட்டுவிட்டன.

இன்னொன்று வாசனைப் பொறி. இந்த ஜாதியில் ஆண் வண்டுதான் வாசனை விட்டுப் பெண்ணை அழைக்கிறது. அதே வாசனையைச் செயற்கையாகத் தயாரித்துப் பொறியில் வைத்து, ஏக்கருக்குப் பத்து வீதம் வண்டு பறக்கும் பருவத்தில் மாட்டுகிறார்கள். கல்யாணக் கனவோடு வருகிற பெண் வண்டு பொறியில் விழுகிறது. இதை மட்டும் நம்பி, செடியைப் பிடுங்காமல் இருந்துவிட முடியாது.

பிடுங்கிய கட்டையை என்ன செய்வது? அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். காபிக் கட்டை நன்றாக எரியும் விறகு. வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படியில் அடுக்கிவிடுகிறார்கள். புழு உள்ளேயே வளர்ந்து, பருவம் வந்ததும் விறகுக் குவியலிலிருந்து வண்டாகக் கிளம்பித் தோட்டத்துக்கே திரும்பிவிடுகிறது! விறகு வேண்டுமென்றால் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துப் புழுவைக் கொன்றுவிட வேண்டும்.

அந்த முதியவர் வீட்டுக் கொல்லையிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. எட்டிப் பார்த்தேன். பெரிய பாறாங்கல் ஒன்றைத் தலையில் சுமந்தபடி, மூன்று கட்டுக் காபிக் கட்டைகள் அதில் மூழ்கிக் கிடந்தன. ஒரு கட்டில், காய்கள் உதிராத சிறு கிளை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.